மருத்துவ ஆய்வின் முன்னுரிமைகளை நோயாளியும் தீர்மானிக்க வேண்டுமா?

பெரம்பூர் மகள்:
பிரிட்டனில் 2004-ல் தொடங்கப்பட்ட ஜேம்ஸ் லிண்ட் கூட்டமைப்பு, ஒரு நோயைப் பற்றி இன்னும் விடை தெரியாத கேள்விகளை நோயாளிகள், பராமரிக்கும் குடும்பத்தார், சிகிச்சை தருவோர் ஆகியோரிடம் திரட்டி, ஏற்கெனவே விடை கிடைத்தவற்றை நீக்கிவிட்டு, மிஞ்சியவற்றில் முதல் 10 கேள்விகளை அவர்களையே கூடிப் பேசித் தேர்ந்தெடுக்கச் செய்கிறது. சென்னையில் அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வுகளுக்கும் இம்முறை வர வேண்டும். பக்கவாதத்துக்குப் பின் என் அப்பா நடக்கிறார். ஆனால் காலையில் இட்லி சாப்பிட்டதை மறந்து, பத்து மணிக்கே பட்டினி போட்டதாகக் கோபித்துக்கொள்கிறார். ஸ்காட்லாந்தில் பக்கவாதம் குறித்து இம்முறையில் தயாரான பட்டியலில், நினைவும் சிந்தனையும் மேம்பட வழி என்ன என்பதே முதல் கேள்வியாக நின்றது.

சேத்துப்பட்டு புள்ளியியலாளர்:
அம்மா, உங்கள் சிரமம் புரிகிறது. ஆயினும் உடன்பட இயலவில்லை. எங்கள் சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து உட்கொள்பவரும் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு ஏறத்தாழ இணையாகக் குணமாகிறார் என்று 1959-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டி, உலகின் சிகிச்சை முறையையே மாற்றியது. அன்று நோயாளிகளைக் கேட்டிருந்தால், இன்னும் நூறு படுக்கை போடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பெரம்பூர் மகள்:
அது உங்கள் ஊகம், ஐயா. கூலிக்குப் போகும் தாய், பிள்ளைகளை விட்டுவிட்டு ஓராண்டு படுக்கையில் கிடக்க விரும்பியிருப்பாளா? காசநோயையே எடுத்துக்கொள்வோம். மருந்துக்குக் கட்டுப்படாத வகைக்கு மாதக்கணக்கில் போடப்பட்ட ஊசிகள் பலருடைய செவித்திறனைப் பறித்தன. அவற்றுள் ஒன்றான கனாமைசினை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரையிலிருந்து விலக்க 2018 ஆயிற்று. காது போகாத சிகிச்சை எப்போது வரும் என்பது, ஊசி போட்டுக்கொண்டவர் முதல் மாதமே கேட்டிருக்கக்கூடிய கேள்வி.

புறநோயாளிப் பிரிவு மருத்துவர்:
என்னிடம் அதிகம் கேட்கப்படுவது, "இந்த மாத்திரையை எப்போது நிறுத்தலாம் டாக்டர்?" என்பதே. அதை ஆராய எந்த மருந்து நிறுவனம் பணம் போடும்? 2015-ல் வெளியான ஓர் ஒப்பீட்டின்படி, மேற்சொன்ன கூட்டமைப்பின் பட்டியல்களில் மருந்து தொடர்பானவை 18 விழுக்காடு. பிரிட்டனில் பதிவான, வணிக நிறுவனங்களின் சிகிச்சைச் சோதனைகளிலோ 86 விழுக்காடு.

சேத்துப்பட்டு புள்ளியியலாளர்:
வணிக நிறுவனம் மருந்தைத்தான் சோதிக்கும், அதில் வியப்பில்லை. என் ஐயம் வேறு. அந்தக் கூட்டத்துக்கு வரப்போவது யார்? அடையாறில் கார் வைத்திருப்பவரும், ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதத் தெரிந்தவரும் வருவார்கள். வியாசர்பாடியில் ஒருநாள் கூலியை இழக்க முடியாதவர் வரமாட்டார். பிறகு அந்தச் சிலரின் விருப்பத்தையே மக்களின் குரல் என்று அறிக்கையில் எழுதிவிடுவோம். அரிய நோயுள்ளவர்களோ எண்ணிக்கையிலேயே அடிபட்டுப்போவார்கள்.

பெரம்பூர் மகள்:
நோய் வாரியாகப் பட்டியல் போடுவதால் அரிய நோய்க்கும் தனிப் பட்டியல் உண்டு. மற்றது நியாயமான கேள்வி. எனக்கே கூட்டத்துக்கு வர வேண்டுமென்றால், அதுவரை அப்பாவின் அருகில் யார் இருப்பது என்பதுதான் முதல் சிக்கல். இழந்த கூலியையும் மாற்று ஆளுக்கான செலவையும் ஆய்வு நிதியிலேயே ஒதுக்கி, அரசு மருத்துவமனைகளில் மருந்து வாங்கக் காத்திருப்போரிடமே தமிழில் கேள்விகளைத் திரட்ட வேண்டும்.

சேத்துப்பட்டு புள்ளியியலாளர்:
அந்த ஒதுக்கீடு எழுத்தில் இருக்குமானால் சிகிச்சை, பராமரிப்பு ஆய்வுகளுக்கு இதை எதிர்க்க மாட்டேன். ஆய்வகத்தில் நடக்கும் அடிப்படை ஆய்வின் நிதியை மட்டும் இந்த வாக்கெடுப்புக்கு உட்படுத்தக் கூடாது, அதில் விட்டுக்கொடுக்கமாட்டேன்.