ஓஷிகா நிலையம்: 5.3 மீட்டர் வர வேண்டும், 4.7 தான் வருகிறது

கேள்வி:
வணக்கம். முதுகலை ஆய்வுக்காக, 2011 மார்ச் 11 தோஹோகு நிலநடுக்கத்தில் நிலம் எவ்வளவு நகர்ந்தது என்று ஜப்பான் முழுவதும் நில நகர்வை அளக்கும் ஜியோநெட் ஜிபிஎஸ் நிலையங்களின் தரவை வைத்துக் கணக்கிடுகிறேன். வடகிழக்குக் கடற்கரையில் உள்ள ஓஷிகா நிலையம் கிழக்கு-தென்கிழக்காக 5.3 மீட்டர் நகர்ந்தது, 1.2 மீட்டர் தாழ்ந்தது என்பது ஜப்பான் நில அளவை அமைப்பு வெளியிட்ட கணக்கு. எனக்குத் தாழ்வு ஓரளவு ஒத்துப்போகிறது. பக்கவாட்டு நகர்வோ 4.7 தான். வரைபடத்தில் மார்ச் 11க்கான புள்ளி வேறு முந்தைய நாட்களோடும் சேராமல் பிந்தைய நாட்களோடும் சேராமல் நடுவில் தொங்குகிறது. டோக்கியோவுக்கு அருகில் உள்ள சுகுபா நிலையத்தை அசையாத புள்ளியாக வைத்து, அதிலிருந்து அளக்கிறேன். எங்கே தவறு?

பதில்:
தம்பி, சுகுபாவும் அன்று அசைந்தது. அதுவும் கிழக்கே அரை மீட்டருக்கு மேல். நீங்கள் அதிலிருந்து அளப்பதால் அந்த அளவு ஓஷிகாவின் கணக்கில் குறைகிறது. 9.0 அளவுள்ள நிலநடுக்கத்தில் பக்கத்து நிலையம் எதையும் நம்ப முடியாது. நாகசாகிக்கு மேற்கே ஃபுகுவே தீவு போல வெகுதூரத்தில் ஒன்றை எடுங்கள்.

தொங்கும் புள்ளிக்குக் காரணம் நேரம். நிலநடுக்கம் ஜப்பான் நேரப்படி பிற்பகல் 2:46, உலக நேரப்படி காலை 5:46. தினசரித் தீர்வு, அதாவது நாளுக்கு ஒன்றாகக் கிடைக்கும் நிலையத்தின் இடம், உலக நேரத்தில் 24 மணி நேரத்தையும் சேர்த்துப் போடுவது. அதிர்வுக்கு முந்தைய ஆறு மணி நேரமும் பிந்தைய பதினெட்டு மணி நேரமும் அதில் கலந்துவிட்டன. அந்த நாளை நீக்கிவிடுங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா! ஃபுகுவேயை வைத்ததும் 5.3க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் முன்னும் பின்னும் ஒரு மாதச் சராசரி எடுத்தால் அதைத் தாண்டிப் போகிறது. ஏன்?

பதில்:
சராசரி எடுக்காதீர்கள். பெரிய அதிர்வு ஓய்ந்த பிறகும் பிளவுத்தளம் (நிலநடுக்கத்தில் பாறைகள் உடைந்து நகர்ந்த பரப்பு) சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. முதல் நாட்களில் வேகமாக, அப்புறம் மெல்ல. அந்த நகர்வும் உங்கள் சராசரியில் சேர்ந்துவிடுகிறது. நிலநடுக்கத்தின் திடீர் நகர்வுக்கு ஒரு தாவல், அதன் பின் மெல்லக் குறையும் நகர்வுக்கு ஒரு மடக்கைச் சார்பு (logarithm), இரண்டையும் சேர்த்துத் தரவில் பொருத்திப் பாருங்கள். மார்ச் 9 அன்று 7.3 அளவில் ஒரு முன்னதிர்வு வந்தது. அதற்குத் தனியாக ஒரு சிறு தாவல் வையுங்கள்.

உயரத்தையும் அடுத்த சில ஆண்டுகளுக்கு நீட்டி வரையுங்கள். அன்று தாழ்ந்த ஓஷிகா பிறகு மெல்ல மேலே ஏறுவது அதில் தெளிவாகத் தெரியும். எனக்கு இந்தத் தரவிலேயே மிகவும் பிடித்த இடம் அது.