சிங்கப்பூர்: 320 பேரின் சம்பளக் கோப்பு வெளியே போனால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு (பிடிபிசி) சொல்ல வேண்டுமா?

கேள்வி:
சம்பளப் பட்டியல் தயாரிக்கும் ஒப்பந்த நிறுவனம், எங்கள் 320 ஊழியர்களின் பெயர், சம்பளம் அடங்கிய எக்செல் கோப்பை இன்னொரு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டது. கடவுச்சொல் போடவில்லை. 500 பேருக்குக் குறைவு என்பதால் அறிவிக்கத் தேவையில்லை என்கிறார்கள். சரிதானா?

பதில் 1:
சரியில்லை. 500 என்பது ஒரு வரம்பு மட்டுமே. கணிசமான தீங்கு நேரக்கூடிய கசிவு என்றால் ஒருவருடைய தகவல் போனாலும் அறிவிக்க வேண்டும். முழுப்பெயரோடு சம்பளத் தொகை சேர்ந்தாலே அந்த வகைக்குள் வந்துவிடும். விதிமுறைப் பட்டியலிலேயே சம்பளம் இருக்கிறது. பாதிக்கப்பட்ட ஊழியர்களுக்கும் சொல்லியாக வேண்டும். அவர்களிடம் மறைப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

பதில் 2:
கெடுவைக் கவனியுங்கள். அறிவிக்க வேண்டிய கசிவுதான் என்று முடிவு செய்தபின் 3 நாட்காட்டி நாட்கள். சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். மதிப்பீட்டை இழுத்தடித்தால் அதற்கும் விளக்கம் கேட்பார்கள். பிடிபிசி-க்கு அறிவிக்கும் கடமை உங்களுடையது, ஒப்பந்த நிறுவனத்துடையது அல்ல. அவர்கள் உங்களுக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும், அவ்வளவே.

பதில் 3:
கோப்பைப் பெற்றவர் அழித்துவிட்டதாக எழுத்தில் வாங்குங்கள். யாருக்கெல்லாம் முன்னனுப்பினார் என்றும் கேளுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.