நீர்மூழ்கி மாதிரிக்கு ‘சமநிலை’ போதுமா?

> ஈயமும் ரெஜிபோமும் (மிதக்கும் வெண்ணுரைப் பலகை) வைத்து நீர்மூழ்கி மாதிரியைச் சரிசெய்யும் வேலையை, அந்த ‘ட்ரிம்’மை, ‘சமநிலைப்படுத்தல்’ என்றே எழுதிவிடலாமே.

எழுதலாம். ஆனால் அதற்குள் இரண்டு வேலை கலந்துவிடுகிறது. மாதிரியின் எடையும் அது விலக்கும் நீரின் எடையும் ஒத்து, அணியமும் (முன்முனை) பின்புறமும் ஒரே மட்டத்தில் நிற்பது ஒன்று. மிதப்பு மையம் மேலேயும் ஈர்ப்பு மையம் கீழேயும் இருந்து, சரித்துவிட்டாலும் நிமிர்வது மற்றது. முதலாவதைப் ‘படிகட்டல்’ என்றும் இரண்டாவதை ‘நிமிர்திறன்’ என்றும் சொல்வோம். வெறும் பாத்திரத்தின் எடைக்கு ஈடாகத் தராசின் மறுதட்டில் கல் வைப்பதும் படிகட்டுவதுதானே.

செய்முறையில் பொருத்திப் பாருங்கள். மூழ்குவதற்காக நீர் ஏற்றும் தாங்கியை நிரப்பி, மாதிரியின் மேலுள்ள கோபுர நுனி மட்டும் தெரியும்வரை படிகட்ட வேண்டும். மோட்டர் நின்றாலும் மாதிரியை மேலே கொண்டுவருவது அந்தச் சிறு மிதப்புத்தான். ஈயத்தை முதலில் இறப்பர் பட்டியால் வெளியே கட்டுங்கள். வெளியே 110 கிராமில் சரிவந்தால் நீர்புகா அறைக்குள் 100 கிராம் போதும், ஏனென்றால் வெளியே இருக்கும் ஈயம் தானும் நீரை விலக்குகிறது. பிறகு தாங்கியை வெறுமையாக்குங்கள். மாதிரி அளவுக்கு மீறி அமிழ்ந்து நின்றால், நீர்க்கோட்டுக்கு மேலுள்ள ரெஜிபோமில் கொஞ்சத்தை, முன்பின் நகர்த்தாமல், கோட்டுக்குக் கீழே இறக்குங்கள். மூழ்கும்போது மொத்த மிதப்பு மாறாததால் படிகட்டல் கெடாது. மிதப்பு மையம் தாழ்வதால் நிமிர்திறன் குறையும். இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் இந்த வாக்கியத்தையே எழுத முடியாது.

> ‘படிக்கட்டு’ என்று வாசித்துவிடுவார்களே? தாங்கி பாதி நிரம்பும்போது அணியம் குத்துவதும் படிகட்டல் பிழைதானா?

‘படிகட்டு’ என்று பெயர்ச்சொல்லாக நிறுத்தாமல், எப்போதும் ‘படிகட்டல்’, ‘படிகட்டினேன்’ என்றே ஆண்டால் குழப்பம் வராது. அணியம் குத்துவது வேறு கோளாறு. அரைத் தாங்கியில் நீர் முன்னுக்கு ஓடுகிறது. ஈயம் எவ்வளவு வைத்தும் தீராது. தாங்கிக்குள் குறுக்குத் தடுப்பு வைக்க வேண்டும், அல்லது தாங்கியை முழுதாக நிரப்பியே இறக்க வேண்டும். நீர் புகவிடும் வெளி உடலுக்குள் காற்றுக்குமிழி சிக்கினாலும் இப்படி ஆட்டம் காட்டும். மேல்விளிம்பில் துளையிட்டு, மாதிரியை நீருக்குள் சாய்த்துக் குமிழியை விரட்டிய பிறகே படிகட்டுங்கள்.

ஒன்று சேர்க்க வேண்டும்: எந்த நீருக்கு என்பதும் சொல்லோடு வரட்டும். ‘கிணற்றுநீர்ப் படிகட்டல்’, ‘கடல்நீர்ப் படிகட்டல்’. 4 லீற்றர் நீரை விலக்கும் மாதிரியைத் தொட்டியில் நல்லதண்ணீரில் படிகட்டி திருகோணமலை உப்புவெளிக் கடலில் விட்டால், ஏறத்தாழ 100 கிராம் மிதப்புக் கூடி மூழ்க மறுக்கும். கடலில் படிகட்டியதை மாரியில் மகாவலி வெள்ளம் கலக்கும் கொட்டியாரக் குடாவில் விட்டால் அதுவே தலைகீழ்: மேலே வரவேண்டியது அடியில் போய்க் கிடக்கும்.