இன்டெல் ஐ5-10600கே சிப், 5 கிகாஹெர்ட்ஸில் 96 டிகிரி போகிறது. தாங்குமா?

சிப்புட்_பையன்:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். பழைய லயத்து வீடு, தகரக் கூரை, ஏர்கோன் கிடையாது. போன மாதம் ஈப்போவில் ஒருவரிடம் ஐ5-10600கே, இசட்490 மதர்போர்டு இரண்டையும் சேர்த்து செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். கூலர் சாதாரண டவர்தான், 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று. பயாஸில் (போர்டின் செட்டிங் திரை) சிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கும் மல்டிபிளையரை 50 என்று, அதாவது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன், வேறு எதையும் தொடவில்லை. விண்டோஸ் ஒழுங்காக ஏறுகிறது, கேமில் 78-ஐச் சுற்றி நிற்கிறது, ஆனால் சிப்பை முழு வேலை வாங்கும் சினிபெஞ்ச் டெஸ்ட் பத்து நிமிடம் ஓடினால் 96. யூடியூபில் இதே சிப், இதே மாதிரி கூலர் வைத்திருப்பவருக்கு 82-தான் காட்டுகிறது. என்னிடம் தள்ளிவிட்டது ஓட்டைச் சிப்பா? எத்தனை டிகிரி வரைக்கும் பயமில்லாமல் விடலாம்? அப்பா வேறு பின்னால் வந்து நின்று "வெடிச்சிடுமாடா" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

ரைசன்_ராஜா:
96 எல்லாம் ஒரு சூடா தம்பி. என் ஏஎம்டி சிப், ரைசன் 7600எக்ஸ், முழு லோடு வந்தால் நேரே 95-க்குப் போய் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். 2022-இல் அந்த வரிசையை வெளியிட்டபோது ஏஎம்டியே அப்படித்தான் செய்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டது. ரொம்பச் சூடானால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேசாமல் விளையாடு.

குளுவாங்_ஸ்க்ரூடிரைவர்:
ராஜா சொன்னது அவருடைய சிப்புக்குச் சரி. 7600எக்ஸ் எவ்வளவு கரண்ட் இழுக்கலாம், எவ்வளவு வேகம் ஓடலாம் என்பதைத் தானே கணக்குப் போட்டு 95 வரைக்கும் ஏறிக்கொள்ளும், அந்தக் கணக்கை யாரும் கையால் மாற்றவில்லை. நீ மல்டிபிளையரைப் பூட்டிவிட்டாய், அதனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

10600கே-க்கு இன்டெல் வைத்திருக்கும் எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டால் வேகத்தை இறக்கும், அப்புறமும் சூடு ஏறிக்கொண்டே போனால் கம்ப்யூட்டரே அணைந்துவிடும். ஆகவே வெடிக்காது, அப்பாவிடம் சொல்லிவிடு. ஆனால் 96 என்றால் கையில் மிச்சம் நான்கு டிகிரிதான், அது ஒரு மதிய வெயிலுக்குக்கூடக் காணாது.

இப்போது ஒன்று கேட்கிறேன். நீ டெஸ்ட் பண்ணியது எத்தனை மணிக்கு? யூடியூப்காரர் ஏர்கோன் போட்ட அறையில் உட்கார்ந்திருப்பார், 22 டிகிரி என்று வைத்துக்கொள். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் இரண்டு மணிக்கு 34 இருக்கும். டவர் கூலரால் அறையைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது, அறைச் சூட்டுக்கு மேலே எவ்வளவு ஏறுகிறது என்பது மட்டும்தான் அதன் கையில் இருக்கிறது. அவருக்கு 82-இல் 22 போனால் 60. உனக்கு 96-இல் 34 போனால் 62. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே, சிப் ஓட்டை இல்லை.

எனக்குச் சந்தேகமெல்லாம் வேறு இடத்தில். "வேறு எதையும் தொடவில்லை" என்றால் வோல்டேஜ் ஆட்டோவில் இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் கேட்டதும், கம்ப்யூட்டர் தொங்கிவிடக்கூடாதே என்று போர்டு தாராளமாக அள்ளிக் கொடுக்கும். சென்சார் அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேரைப் போட்டு, லோடு ஓடும்போது விகோர், அதாவது சிப்புக்குப் போகும் வோல்டேஜ், எவ்வளவு என்று பார்த்துச் சொல். அறையில் ஒரு தெர்மாமீட்டரும் வை, காய்ச்சல் பார்ப்பது வேண்டாம், சுவரில் மாட்டுவது.

பழைய_மதர்போர்டு:
எல்லாரும் டிகிரியையே பார்க்கிறீர்கள், சிப்பைத் தின்பது வோல்டேஜ். நான் ஒரு பழைய சிப்பை 1.45 வோல்டில் ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டினேன். தண்ணீர் கூலர் போட்டிருந்ததால் 75-ஐத் தாண்டியதே இல்லை, அதனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் நீலத்திரை வந்தது. ராம் கோளாறு என்று நினைத்து ராமை மாற்றினேன், பிறகு பவர் சப்ளையை மாற்றினேன், கடைசியில் பார்த்தால் சிப் தன் பழைய வேகத்தைத் தாங்கவில்லை. 200 மெகாஹெர்ட்ஸ் இறக்கினேன், நின்றது. சில மாதம் கழித்து மறுபடியும் இறக்கவேண்டி வந்தது. தப்பு என்னுடையதுதான், யாரையும் குறை சொல்ல முடியாது.

2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை சிப்புகளில் வந்த பிரச்சினையும் இதுதானே. அளவுக்கு மேல் வோல்டேஜ் போனதுதான் காரணம் என்று சொல்லி மைக்ரோகோடு (சிப்புக்குள் ஓடும் நிரல்) அப்டேட் விட்டார்கள், வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். உன் 10-ஆம் தலைமுறைக்கு அந்தக் கோளாறு இல்லை. ஆனாலும் டிகிரி குறைவாக இருப்பதை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதே.

யாராவது சிப்பின் உலோக மூடியைப் பிளந்து உள்ளே சூடு கடத்தும் பேஸ்ட்டை மாற்றச் சொன்னால் கேட்காதே. அது பழைய இன்டெல் 8700கே சிப் காலத்து வேலை, உன்னுடையதில் மூடிக்குக் கீழே ஈயம் பற்றவைத்த மாதிரி சோல்டர் இருக்கும்.

சிப்புட்_பையன்:
குளுவாங் அண்ணே, நீங்கள் சொன்னது சரி. விகோர் 1.42! தெர்மாமீட்டர் தாத்தா அறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன், மத்தியானம் 34, சினிபெஞ்சில் 96. ராத்திரி மழை பெய்து ஓய்ந்த பிறகு அறை 26, அப்போது 88. எட்டு டிகிரி இறங்கினால் எட்டு டிகிரி இறங்குகிறது, அப்படியே.

அப்புறம் கேஸைத் திறந்தேன். ஃபேனைக் கழற்றினால் கூலரின் தகடுகளுக்கு நடுவே தூசி வெறும் தூசியாக இல்லை, பழுப்பு நிறத்தில் பிசுபிசு என்று ஒட்டியிருக்கிறது, நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி வருகிறது. வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது, ஆனால் கூலர் என்னுடைய பழையது, மூன்று வருடமாக ஓடுவது. என் மேசைக்கு அந்தப் பக்கம்தான் சாமி மேடை. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா போடும் சாம்பிராணி எங்கே போகிறது என்று இப்போதுதான் தெரிந்தது. அடியில் பல்லி முட்டை இரண்டு வேறு.

குளுவாங்_ஸ்க்ரூடிரைவர்:
அண்ணன் இல்லை தம்பி, அக்கா.

சாம்பிராணிப் பிசினுக்கு வெறும் பிரஷ் போதாது. கூலரைக் கழற்றி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு மெல்லிய பிரஷால் தேய். கழற்றினால் பேஸ்ட்டும் புதிதாகப் போடவேண்டும், நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும், ரொட்டிக்கு காயா ஜாம் தடவுகிற மாதிரி தடவாதே.

வோல்டேஜை ஆட்டோவிலிருந்து எடுத்து 1.30 என்று கையால் போடு. சூடு வோல்டேஜின் வர்க்கக் கணக்கில் ஏறும். 1.42-க்கும் 1.30-க்கும் பார்க்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் கணக்குப் போட்டால் நீ ஏறக்குறைய 19 விழுக்காடு வாட் சும்மா எரித்துக்கொண்டிருக்கிறாய். அரை மணி நேரம் சினிபெஞ்ச் ஓட்டு. தொங்கினாலோ, எச்டபிள்யூஇன்ஃபோவில் டபிள்யூஎச்இஏ பிழை (விண்டோஸ் பதிந்துவைக்கும் ஹார்ட்வேர் பிழை) வந்தாலோ 0.02 ஏற்று. ஆனால் 1.35-ஐத் தாண்டித்தான் நிற்கும் என்றால் 5-ஐ விட்டுவிடு, அந்தச் சிப்புக்கு அது விதிக்கவில்லை.

எத்தனை டிகிரி என்று கேட்டாயே. இது இன்டெல் சொன்னது இல்லை, நான் ரிப்பேருக்கு வரும் கம்ப்யூட்டர்களுக்கு வைத்திருக்கும் அளவு. முழு லோடில், அதுவும் மத்தியானம் அறை கொதிக்கிற நேரத்தில் 85-க்குள், கேமில் 75-க்குள். ராத்திரி டெஸ்ட் பண்ணிவிட்டு பாஸ் என்று சொல்லாதே. பிரைம்95 சாஃப்ட்வேரில் 'சின்ன எஃப்எஃப்டி' என்ற கடுமையான டெஸ்ட்டை ஓட்டிப் பார்த்துப் பதறவும் வேண்டாம், கேம் எதுவும் சிப்பை அந்த அளவுக்குப் பிழியாது.

இன்னொன்று, இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கு. இந்த ஊர் இடிக்கு 1.30 வோல்ட் எல்லாம் தெரியாது.

சிப்புட்_பையன்:
மன்னிக்கவும் அக்கா.

கழுவி, பேஸ்ட் மாற்றி, 1.30 போட்டேன். இன்று மத்தியானம் இரண்டேகால், அறை 34, சினிபெஞ்ச் அரை மணி நேரம், 84. பிழை ஒன்றும் இல்லை. ஆசை விடவில்லை, 4.9-க்கு இறக்கி 1.24 கொடுத்துப் பார்த்தேன், 78-இல் நிற்கிறது, கேமில் 66. அதிலேயே விட்டுவிட்டேன். கடைசி 100 மெகாஹெர்ட்ஸுக்கு ஆறு டிகிரி கேட்கிறது, எனக்கு அந்த வியாபாரம் கட்டாது. மேசையையும் சாமி மேடையிலிருந்து தள்ளி ஜன்னல் பக்கம் போட்டுவிட்டேன்.

ரைசன்_ராஜா:
4.9-க்கும் 5-க்கும் கேமில் வித்தியாசம் தெரிகிறதா?

சிப்புட்_பையன்:
இரண்டு எஃப்பிஎஸ், நொடிக்கு இரண்டு ஃப்ரேம்தான் அண்ணே. ஃபேன் சத்தம் குறைந்ததுதான் பெரிய வித்தியாசம், அப்பா வந்து "கெட்டுப் போச்சா, சத்தத்தையே காணோம்" என்று கேட்டார்.

பழைய_மதர்போர்டு:
பல்லி முட்டையை என்ன செய்தாய்?

சிப்புட்_பையன்:
ஜன்னல் ஓரத்தில் வைத்திருக்கிறேன். கேஸ் ஃபேனுக்கு வலை மாட்டிவிட்டேன்.