1991 மியாட்டா ஸ்மாக் டெஸ்டில் ஃபெயில்: அப்படியே விற்றுவிடலாமா, சரி செய்து விற்கலாமா?

ஃப்ரீமான்ட்வாசி

வணக்கம். வண்டி 1991 மாஸ்டா மியாட்டா (துணிக்கூரையை மடக்கித் திறக்கும் கார்), 1.6 லிட்டர், மேனுவல். ஓடோமீட்டரில் 1,43,000 மைல். விற்க முடிவு செய்த நேரத்தில் ரிஜிஸ்ட்ரேஷனும் முடிகிறது. கலிஃபோர்னியாவின் புகைச் சோதனையான ஸ்மாக் டெஸ்டுக்குக் கொண்டுபோனதில் ஃபெயில்.

சீட்டில் உள்ள அளவுகள்: 15 மைல் வேகத்தில் ஹைட்ரோகார்பன் 131 பிபிஎம், கார்பன் மோனாக்சைடு 0.18%, நைட்ரிக் ஆக்சைடு 1,312 பிபிஎம், ஆக்சிஜன் 0.6%. 25 மைல் வேகத்தில் 104, 0.15%, 1,190, 0.6%. மோனாக்சைடு மட்டும் பாஸ். பாகங்களைக் கண்ணால் பார்க்கும் விஷுவல் சோதனையிலும் ஃபெயில்: முந்தைய ஓனர் போட்டிருந்த கோன் ஏர் ஃபில்டருக்கு அனுமதி எண் இல்லையாம். செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை.

வண்டியைப் பார்க்க வந்த ஒருவர், "ஸ்மாக் என் பொறுப்பு, இருக்கிற நிலையில் வாங்குகிறேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்கிறார். ஆனால் பாதி விலைதான் தருவாராம். ஒரு கடையிலோ டெஸ்ட் சீட்டைப் பார்த்ததுமே, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்கிறார்கள். எந்த வழியில் போகலாம்?

வால்வுகவர்

கன்வெர்ட்டரைக் கடைசியாக வாங்குங்கள். அது உண்மையிலேயே செத்திருக்கலாம். ஆனால் அதைக் கொன்ற காரணம் எஞ்சினில் இருந்தால் புதியதும் அதே கதிக்குத்தான் போகும்.

உங்கள் சீட்டு நிறையச் சொல்கிறது. மோனாக்சைடு 0.18, ஆக்சிஜன் 0.6. ஆக்சிஜன் மோனாக்சைடைவிடத் தெளிவாக அதிகம், அதாவது கலவை லீன் பக்கம் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு). மூவழி கன்வெர்ட்டர் நைட்ரிக் ஆக்சைடைப் பிரிக்க அங்கே கொஞ்சம் மோனாக்சைடு வேண்டும். ஆக்சிஜன் மிஞ்சினால் மோனாக்சைடு அதோடு சேர்ந்துவிடும், நைட்ரிக் ஆக்சைடு அப்படியே வெளியே வரும். லீன் கலவையில் சிலிண்டருக்குள் சூடும் ஏறும், அதனால் நைட்ரிக் ஆக்சைடு உருவாவதே கூடும். புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பிவிட்டுச் சூட்டைக் குறைக்கும் ஈஜிஆர் வால்வு இந்த 1.6 எஞ்சினில் கிடையாது. ஆக, கையில் இருப்பவை டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்), கலவை, எஞ்சின் சூடு, கன்வெர்ட்டர் ஆகிய நான்குதான்.

முதலில் காற்றுக் கசிவு. 1.6-இல் ஏர் ஃப்ளோ மீட்டர் கதவு மாதிரி திறந்து மூடும் வகை. அதைத் தாண்டி உள்ளே நுழையும் காற்று எதுவும் கம்ப்யூட்டரின் கணக்கில் வராது. மீட்டரிலிருந்து த்ராட்டில் வரை ரேடியேட்டருக்கு மேலாகக் குறுக்கே வரும் குழாயைக் கழற்றி, அதன் ரப்பர் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, மடிப்பின் உள்ளே அடிப்பக்கம்தான் வெடிக்கும். பிசிவி குழாய் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியைத் திரும்ப உள்ளே இழுப்பது), டிப்ஸ்டிக் ஓ-ரிங் இரண்டையும் விடாதீர்கள். சீக்கிரச் சோதனை ஒன்று: ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, ஆயில் மூடியைத் திறங்கள். ஐடில் விழ வேண்டும், சில சமயம் எஞ்சினே நின்றுவிடும். ஒரு மாற்றமும் இல்லையென்றால் ஏற்கெனவே வேறெங்கோ காற்று நுழைகிறது.

அடுத்து எக்ஸாஸ்ட் இணைப்புகள். ஆக்சிஜன் சென்சாருக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவில் கேஸ்கெட் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு இதே மாதிரி அளவைக் காட்டும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் சத்தம் கேட்கிறதா, ஃபிளாஞ்சைச் சுற்றிக் கரிக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது டைமிங். இந்த வண்டிகளில் பவருக்காக 14 டிகிரி, அதற்கு மேலும் ஏற்றி வைப்பது சகஜம். நைட்ரிக் ஆக்சைடு எகிற அதுவே போதும்; டெஸ்டில் டைமிங்கையும் பார்ப்பார்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். ஏசி, ஹெட்லைட் எல்லாம் ஆஃப், ரேடியேட்டர் ஃபேனும் நின்றிருக்க வேண்டும். எஞ்சின் பேயில் 'டயக்னாசிஸ்' என்று எழுதிய சின்னப் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி என்று குறித்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். ஐடில் 850 ஆர்பிஎம், முதல் சிலிண்டர் வயரில் டைமிங் லைட், குறி 10 டிகிரி. தள்ளிப்போயிருந்தால் எஞ்சினின் பின்பக்கம் ஃபயர்வாலை ஒட்டியுள்ள கேம் ஆங்கிள் சென்சாரின் 12 எம்எம் போல்ட்டைத் தளர்த்தி, சென்சாரை இம்மி இம்மியாகத் திருப்புங்கள். முடித்ததும் அந்த வயர் துண்டை எடுக்க மறக்காதீர்கள். அது இருக்கும்வரை கம்ப்யூட்டர் டைமிங்கை முன்னே தள்ளாது.

ஆக்சிஜன் சென்சார் ஒற்றை வயர்க்காரன், மலிவு. சூடான எஞ்சினில் 2,500 ஆர்பிஎம் வைத்து மல்டிமீட்டரில் பாருங்கள்: 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவில் 10 விநாடியில் எட்டு தடவையாவது ஏறி இறங்க வேண்டும். மந்தமாக அசைந்தால் மாற்றிவிடுங்கள்.

ஹைட்ரோகார்பன் கொஞ்சம் ஏறியிருப்பது லீன் மிஸ்ஃபயராக (பெட்ரோல் குறைந்து சிலிண்டர் சரியாகப் பற்றாமல் போவது) இருக்கலாம், பிளக் வயராகவும் இருக்கலாம். 1.6-இல் பிளக் வயர்கள் சீக்கிரம் போகும். இருட்டில் தண்ணீர் ஸ்ப்ரே அடித்துப் பொறி பறக்கிறதா பாருங்கள். பிளக் என்ஜிகே பிகேஆர்6இ-11, இடைவெளி 1.1 எம்எம்.

கோன் ஃபில்டரைத் தூக்கிவிட்டு ஒரிஜினல் ஏர் பாக்ஸைத் திரும்பப் போடுங்கள். பிரித்து விற்கும் யார்டுகளில் கிடைக்கும்.

பிங்க்ஸ்லிப்

பேப்பர் பக்கம் நான் சொல்கிறேன். அந்த ஆள் கையெழுத்துப் போட்டுத் தரும் காகிதம் உங்களைக் காப்பாற்றாது. கலிஃபோர்னியாவில் தனியாருக்குள் கைமாறும்போது ஸ்மாக் சர்டிஃபிகேட் தர வேண்டியது விற்பவர். வாகனச் சட்டம் 24007 அப்படித்தான் சொல்கிறது. "இருக்கிற நிலையில்" என்று எழுதினாலும் அந்தக் கடமை மாறாது. நாளை அவர் ரிப்பேர் பில்லோடு ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போனால் உங்கள் பக்கம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

சர்டிஃபிகேட் இல்லாமல் சட்டப்படி விற்க வழி உண்டு: லைசென்ஸ் உள்ள டீலருக்கு, வண்டியைப் பிரித்து விற்கும் டிஸ்மேன்ட்லருக்கு, அல்லது வண்டியை வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோய் அங்கே பதியப்போகிறவருக்கு. மூன்றிலும் விலை அடிபடும். பெற்றோர், பிள்ளை, கணவன் மனைவி, கூடப்பிறந்தவர்களுக்குள் மாற்றினால் கைமாற்றத்துக்கென்று தனியாக ஸ்மாக் கேட்கமாட்டார்கள்.

பழைய வண்டி என்பதால் விலக்கு கிடைக்குமா என்றால், 1975 மாடல் வரைக்கும்தான். 35 மாடல் வருடம் தாண்டி, பழைய கார் சேகரிப்பவர்களுக்கான 'கலெக்டர்' இன்ஷூரன்ஸும் இருந்தால், 'ரெஃபரி' எனப்படும் சிறப்பு ஸ்மாக் நிலையத்தில் விஷுவல் சோதனையிலிருந்து சலுகை உண்டு. ஆனால் டெயில்பைப்பில் வரும் புகையின் அளவுகளில் பாஸாகியே தீர வேண்டும். 35 வருடப் பழசுக்கு முழு விலக்கு கேட்ட எஸ்பி 712 மசோதா 2025-இல் நிதிக்குழுவிலேயே நின்றுபோனது, அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணத்தை இப்போதே கட்டிவிடுங்கள். தாமத அபராதம் வராது.

ஃப்ரீமான்ட்வாசி

இருவருக்கும் நன்றி. டைமிங் 16 டிகிரியில் இருந்தது, 10-க்குக் கொண்டுவந்தாயிற்று. குறுக்குக் குழாயில் உள்ளங்கை அகலத்துக்கு வெடிப்பு. புதியது ஆர்டர் போட்டிருக்கிறேன். கன்வெர்ட்டர் தேவைப்பட்டால் ஆன்லைனில் மிக மலிவாக ஒன்று பார்த்தேன், "49 மாநிலங்களுக்கு" என்று போட்டிருக்கிறது.

வால்வுகவர்

அந்த விடுபட்ட ஒரு மாநிலம் நம்முடையதுதான். அதைப் போட்டால் புகை சுத்தமாக வந்தாலும் விஷுவலில் ஃபெயில். இங்கே போடும் கன்வெர்ட்டரின் உடம்பில் மாநிலத்தின் காற்று மாசு வாரியமான ஏர் ரிசோர்சஸ் போர்டின் அனுமதி எண் பொறித்திருக்க வேண்டும், அந்த எண் உங்கள் மாடல் வருடத்துக்கும் எஞ்சினுக்கும் பொருந்த வேண்டும்.

குழாய் வந்ததும் முதலில் ப்ரீ-டெஸ்ட் கேளுங்கள். அதே மெஷின், அதே அளவுகள், ஆனால் முடிவு டிஎம்விக்கு (மாநில வாகனப் பதிவுத் துறை) போகாது. போவதற்கு முன் ஆயில் மாற்றுங்கள். பெட்ரோல் கலந்த பழைய ஆயிலின் ஆவி பிசிவி வழியாக ஹைட்ரோகார்பனாக வரும். ஃப்ரீவேயில் இருபது நிமிடம் ஓட்டி, எஞ்சினை அணைக்காமல் நேராக உள்ளே விடுங்கள். வரிசையில் நின்று ஐடிலில் கிடந்தால் கன்வெர்ட்டர் ஆறிவிடும். பெட்ரோல் மூடியின் ரப்பரையும் பாருங்கள், உங்கள் 1991 மாடலுக்கு பெட்ரோல் ஆவிக் கசிவுச் சோதனையும் உண்டு.

அதற்குப் பிறகும் நைட்ரிக் ஆக்சைடு இறங்காவிட்டால் கன்வெர்ட்டர்.

சாஃப்ட்டாப்

விற்பனை பற்றி. மாநில அரசின் ரிடையர்மென்ட் திட்டத்தில் ஆயிரத்துச் சொச்சம் டாலர் தந்து வண்டியை நசுக்கிவிடுவார்கள். ஓடுகிற முதல் தலைமுறை மியாட்டாவை அதற்குக் கொடுக்கவே கூடாது. இனி இவை புதிதாக வரப்போவதில்லை.

பாஸான சர்டிஃபிகேட் 90 நாள் செல்லும், அதற்குள் விற்றுவிடுங்கள். விவரம் தெரிந்தவர் வந்ததும் முதலில் குனிந்து எஞ்சினின் முன்பக்கம் உள்ள கிராங்க் புல்லியைத்தான் பார்ப்பார். 1990-இலும் 1991-இன் தொடக்கத்திலும் வந்த எஞ்சின்களில் கிராங்கின் மூக்கு, அதாவது புல்லி மாட்டும் முன்முனை, குட்டை. போல்ட் தளர்ந்தால் அந்த முனையில் 'கீ' உட்காரும் பள்ளம் தேய்ந்து கிராங்கே போய்விடும். புல்லியில் நான்கு பள்ளம் இருந்தால் குட்டை, எட்டு இருந்தால் நீளம். எட்டு என்றால் தெளிவாக ஒரு படம் எடுத்து விளம்பரத்தில் போடுங்கள், பேரம் பேசும் வாய் பாதி அடங்கிவிடும்.

அப்புறம் சாஃப்ட் டாப்பின் பின்மூலைகளில் உள்ள தண்ணீர் வடிகுழாய்கள். இலை அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள சில்லில் தேங்கித் துரு பிடிக்கும், அதுவும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால். ஒரு மக் தண்ணீரை ஊற்றி, கீழே ஒழுகுகிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

மாஸ்டாவின் ஒரிஜினல் ஹார்ட் டாப் இருந்தால் வண்டியோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். தனியாக ஆயிரம் டாலருக்கு மேல் போகும்.

பிங்க்ஸ்லிப்

ஒன்று விட்டுவிட்டேன். டைட்டிலில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) கையெழுத்துப் போட்டு சாவியைக் கொடுத்த 5 நாளுக்குள் டிஎம்வி தளத்தில் பொறுப்பு விடுவிப்பு நோட்டீஸ் போட்டுவிடுங்கள். அன்றைய ஓடோமீட்டர் எண், வாங்குபவரின் பெயர், முகவரி மூன்றும் அதில் கேட்பார்கள், சாவி கைமாறும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.