முன்னிசையை வெட்டச் சொல்வது யார்: கேட்கிறவரா, கம்பெனியா?

தனி_ஆவர்த்தனம்:
நண்பன் ஒருவன் பாட்டு போட்டான். தொடக்கத்தில் நாற்பது வினாடி வெறும் கிதார், அப்புறம்தான் குரல் வரும், அந்தக் காத்திருப்புதான் பாட்டுக்கே உயிர். வெளியிட ஒத்துக்கொண்ட லேபிள்காரர்கள், அதாவது இசைக் கம்பெனிக்காரர்கள், முதலில் சொன்னதே, "நல்லா இருக்கு, முன்னிசையை அஞ்சு வினாடியாக்கி பல்லவியை முன்னாடி தூக்கிப் போடுங்க" என்பதுதான். வெட்டினான், வேறு வழி? கேட்டால், கேட்கிறவர்களுக்குப் பொறுமை இல்லை என்கிறார்கள். நிஜமாகவே நம் ருசி மாறிவிட்டதா, இல்லை தங்கள் வசதிக்குச் செய்துவிட்டு நம் தலையில் கட்டுகிறார்களா?

மிக்சிங்_மேசை:
பாதிக்குப் பாதி. ஸ்பாட்டிஃபை என்கிற பாட்டுச் செயலியில் ஒரு பாட்டு 30 வினாடி ஓடினால்தான் கணக்கில் ஏறும். 29ஆவது வினாடியில் ஆள் தாவிவிட்டால் சைபர். உங்கள் நண்பரின் பாட்டில் குரல் வருவதே நாற்பதில், அதாவது கல்லாப்பெட்டி திறந்து மூடிய பிறகு! அதோடு, 30 வினாடி கேட்டாலும் பத்து நிமிடம் கேட்டாலும் ஒரு கேட்பு ஒரு கேட்புதான், அப்படியிருக்க நீளமான பாட்டு போட்டு யாருக்கு என்ன லாபம்? 2024இலிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது, பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறையாவது ஓடாத பாட்டுக்கு அங்கே பதிவுக்கான ராயல்டியே (உரிமைத்தொகையே) கிடையாது. என்னிடம் மிக்சிங்குக்கு வருகிறவர்கள் இப்போது லேபிள் சொல்லாமலே தாங்களாகவே வெட்டிக்கொண்டு வருகிறார்கள். எனக்கு அதுதான் ஜீரணமாகவில்லை.

பழைய_கேசட்:
எல்லாப் பழியையும் ஸ்ட்ரீமிங் மேல் போடாதீர்கள். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அந்தக் கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பிடிக்கும், பாட்டும் அந்த அளவுக்குத்தான் தைக்கப்பட்டது. அமெரிக்காவில் 1950களில் எந்தப் பாட்டு ரேடியோவில் ஓட வேண்டும் என்பதைப் பல இடங்களில் காசு வைத்துக் கொடுத்த கவர்தான் தீர்மானித்தது. அறிவிக்காமல் காசு வாங்கிக்கொண்டு ஒலிபரப்பக் கூடாது என்று 1960இல் சட்டம் வந்தது. வந்து? 2005இல் சோனி பிஎம்ஜி என்கிற இசைக் கம்பெனி இதே மாதிரி புகாருக்காக நியூயார்க் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தோடு ஒரு கோடி டாலர் கட்டி சமரசம் செய்துகொண்டது.

இப்போது கவர் கூட வேண்டாம். ஸ்பாட்டிஃபையின் டிஸ்கவரி மோட் என்கிற வசதியில் "எங்கள் பாட்டை நிறையப் பேருக்குத் தள்ளுங்கள், அதற்குப் பதில் ராயல்டி குறைத்துக்கொள்கிறோம்" என்று ஒத்துக்கொள்ளலாம். ஆனால் கேட்கிற நமக்கு அந்தப் பாட்டு ஏன் வந்தது என்று தெரியாது.

வரவு_செலவு:
தம்பி, முன்னிசை போனால் போகட்டும், ஒப்பந்தத்தைப் படிக்கச் சொன்னீர்களா? அட்வான்ஸ் என்பது சம்பளம் இல்லை, கடன். உதாரணத்துக்கு நூறு ரூபாய் அட்வான்ஸ், பாடகர் பங்கு ஐந்தில் ஒன்று. பாட்டு முந்நூறு சம்பாதித்தால் அவர் பங்கு அறுபது, அதையும் அட்வான்ஸில் கழித்துக்கொள்வார்கள். கம்பெனி கைக்கு முந்நூறும் வந்துவிட்டது, பாடகர் இன்னும் நாற்பது "பாக்கி". வீடியோ செலவு, ரெக்கார்டிங் செலவு எல்லாம் இதே பாக்கியில்தான் பெரும்பாலும் ஏறும். அப்புறம் எல்லாம் அடைந்த பிறகும் மாஸ்டர், அதாவது பாட்டின் மூலப்பதிவு, கம்பெனியுடையது. வீட்டுக்கடன் கட்டி முடித்தாலும் வீடு பேங்கோடது என்கிற கதை!

அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்கள் 2019இல் அவர் கைக்கு வராமலே கைமாறின. நான்கை மறுபடி பாடிப் பதிவுசெய்து, 2025இல்தான் எல்லாவற்றையும் விலைக்கு வாங்கினார். அவரிடம் காசு இருந்தது.

தெருக்கோடி_பேண்ட்:
லேபிளே வேண்டாம், நாங்களே ஏற்றிவிட்டோம் என்று மார்தட்டியவர்களில் நானும் ஒருவன். ஏற்றுவது சுலபம்தான், ஆனால் செயலிகளின் பெரிய பிளேலிஸ்ட் (பாட்டு வரிசை) எல்லாம் யார் பேச்சுக்கு மடங்கும்? 1998 வாக்கில் ஆறு பெரிய இசைக் கம்பெனிகள் இருந்தன, 2012இல் அவற்றில் ஒன்றான ஈஎம்ஐ கம்பெனியைப் பிரித்து விற்ற பிறகு யுனிவர்சல், சோனி, வார்னர் மூன்றுதான் மிச்சம். அந்த மூன்றும் பாட்டை நிறுத்திக்கொண்டால் எந்தச் செயலியும் ஓடாது, ஆகவே பேரம் பேசுகிறவர்கள் அவர்கள்தான். எங்கள் பாட்டு போனால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

தனி_ஆவர்த்தனம்:
வரவு_செலவு அண்ணா, இப்போதுதான் அவனை விட்டு ஒப்பந்தத்தைப் படிக்கச் சொன்னேன். மாஸ்டர் நிரந்தரமாக அவர்களுக்காம். அட்வான்ஸ் வாங்கினோம் என்று பார்ட்டி வேறு வைத்தோம். அந்த நாற்பது வினாடிப் பதிப்பு அவன் லேப்டாப்பில் இருக்கிறது, அதையாவது தனியாக விடலாமா?

வரவு_செலவு:
அதே அமர்வில் பதிந்ததென்றால் அதையும் சேர்த்தே எழுதி வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். "மறுபதிவு" என்று ஒரு பிரிவு இருக்கும், எத்தனை வருஷம் கழித்து அதே பாட்டை மறுபடி பதியலாம் என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை லேப்டாப்பை விற்க வேண்டாம்.