மாலை விருந்துக்கு எப்படிச் செல்வது? வழிகாட்டுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

என் தம்பிக்கு அவன் புதிதாகச் சேர்ந்த நிறுவனத்தின் ஆண்டு விருந்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. உடை 'பிளாக் டை ஆப்ஷனல்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். டின்னர் ஜாக்கெட்டும் (மாலை விருந்துக்கான கோட்டு) கறுப்பு போ டையும் (பட்டாம்பூச்சி வடிவில் கட்டும் கழுத்துப்பட்டை) அணிந்தால் சிறப்பு. இல்லாதவர்கள் அடர்நிற சூட், வெள்ளைச் சட்டை, டை அணியலாம். அவனிடம் அடர்நீல சூட் ஒன்று இருக்கிறது. ஒரே இரவுக்காகப் புதிதாகத் தைப்பது வீண் என்பது என் எண்ணம். தோளும் கை நீளமும் கச்சிதமாக இருந்தால் பழைய சூட்டும் கம்பீரமாகத்தான் தெரியும். ஆனாலும் அவன் டின்னர் ஜாக்கெட்டை வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்கிறான். அப்படி அணிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அளவு சரியாக அமைகிறதா? காலணி கறுப்புதான், அதில் சந்தேகமில்லை.

உடையைவிட எனக்குக் கவலை தருவது பேச்சுப் பழக்கம். முள்கரண்டிகளை வெளிப்பக்கத்திலிருந்து வரிசையாக எடுக்க வேண்டும், ரொட்டித் தட்டு இடப்பக்கம், கோப்பைகள் வலப்பக்கம் என்பதையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டேன். இவை ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். அவனோ கூச்ச சுபாவம் உள்ளவன், நல்ல பிள்ளை. ஒரு மூலையில் ஒதுங்கி நின்றுவிடக் கூடாதே என்று மனம் அடித்துக்கொள்கிறது. ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவர்களுடன் இடையூறில்லாமல் எப்படிச் சேர்ந்துகொள்வது? அறிமுகமானவரின் பெயர் மறந்துபோனால் எப்படிக் கேட்பது? பேச்சை முடித்து விலகும்போது என்ன சொல்வது? அவன் மது அருந்துவதில்லை. எல்லோரும் வாழ்த்துச் சொல்லிக் கோப்பையை உயர்த்தும்போது தண்ணீரை உயர்த்தலாமா, பழச்சாறு கேட்டு வாங்குவது நல்லதா?

இத்தகைய விருந்துகளுக்குச் சென்று பழகியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். விருந்து அடுத்த வார இறுதியில் நடக்கிறது.